மூன்று நிமிடத்துக்கு மேல் ஜெபிக்க விடாத ஜெபமணி அக்கா

ஜெபமணி அக்கா காலமான செய்தி சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை என் தபால் நிலையக் கவுண்டருக்கு மூன்று முறை வந்தது. முதலில் மாதா கோவிலில் மணியடிப்பவர் வந்தார். "எங்க கோவில் ஜெபமணியம்மா விடியக்காலைல போயிட்டாங்க சார்" என்றார். கால் மணி கழித்து ஓட்டுக் கூரைக் கோவிலிலிருந்து ஒருவர் வந்து, "எங்க சபை ஜெபமணியம்மா" என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் கொட்டகைச் சபைக்காரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "நம்ம சபை அம்மா பூட்டாங்க சார்."

மூவரும் கோயமுத்தூரில் இருக்கும் அக்காவின் தம்பிக்குத் தந்தி கொடுக்கத்தான் வந்திருந்தார்கள். முதல் தந்தியை அனுப்பினேன். மற்ற இருவரையும் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

அக்காவின் பெயர் உண்மையில் எந்தச் சபைப் பதிவேட்டில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதி மூன்று பேருக்குள்ளும் மனத்தாங்கல் உண்டாக்க நான் தயாராக இல்லை.

மூன்று சபையாரும் சேர்ந்து வெளியிடும் இந்த நினைவு மலரில் எழுத, நெற்றி நிறையத் திருநீறு பூசும் என்னை ஏன் கேட்டார்கள் என்று புதிதாக வந்தவர்கள் யோசிக்கலாம். மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் சின்னத் தபால் நிலையத்தில் நானும் அக்காவும் பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டரில் இருந்தோம். அவர் பதிவுத் தபாலும் தந்தியும் பார்த்தார். நான் பார்சலும் அஞ்சல்தலையும். அவருக்கு நான் லிங்கம் சார். என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். ஆனால் அவரை அக்கா என்று கூப்பிடாத ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. வேலூரிலிருந்து ஒரு பெண்ணின் தகப்பனார், 'போதகர் அவர்கள், தாம்பரம்' என்று மட்டும் விலாசம் எழுதிக் கடிதம் போட்டிருந்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரைக் கோவிலில் வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பது என்பார்கள். அந்த ஓலை போக வேண்டியது ஓட்டுக் கோவில் போதகர் ஞானமுத்து ஐயருக்கு. போனது கொட்டகைச் சபை பாஸ்டர் ஆசீர்வாதத்துக்கு. இரண்டு கோவில்களுக்கும் நடுவே ஐந்து நிமிட நடை. பாஸ்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துவிட்டார். பெண் வீட்டார் சமையல்காரர் முதற்கொண்டு ஏற்பாடு செய்துகொண்டு வந்து இறங்கியபோது ஓலை வாசிக்கப்படவே இல்லை. கல்யாணம் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. அந்தத் தகப்பனார் அக்காவின் கவுண்டர் முன் நின்று, "கடுதாசி போட்டேனேம்மா, போட்டேனேம்மா" என்று அழுததை நானும் பார்த்தேன்.

அன்று மாலையே அக்கா பாஸ்டரைப் பிடித்துக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன் தாயி. தபால்லயே திருப்பிப் போட்டுரலாம்னுதான் இருந்தேன். மறந்து பூட்சு."

ஞானமுத்து ஐயரும் பாஸ்டர் ஆசீர்வாதமும் மைத்துனர்கள். ஐயரின் தங்கை கிருபையம்மாளைத்தான் பாஸ்டர் கட்டியிருந்தார். ஒன்பது வருடங்களுக்கு முன் ஏதோ மன வருத்தத்தில் பாஸ்டர் ஓட்டுக் கோவிலை விட்டு வெளியேறித் தனிச் சபை கண்டார். போகும்போது கோவில் ஆர்மோனியத்தையும் தலையில் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பேச்சு வார்த்தை இல்லை, தங்கையோடும் இல்லை.

"லிங்கம் சார், மூணு கோவில்லயும் தினமும் ஒரே ஆண்டவர்கிட்டதான் பேசறாங்க. தங்களுக்குள்ள பேசிக்கறதில்ல" என்றார் அக்கா. மூன்று கோவிலும் சேர்ந்து, முறை வைத்து மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டு ஜெபம் நடத்தியே தீருவது என்று கிளம்பிவிட்டார். மாதா கோவில் ஃபாதர் லூர்து உடனே சம்மதித்தார். மற்ற இருவரும் ஒரே நிபந்தனை போட்டார்கள்: இன்னொருவர் தலைமையில் ஜெபிக்க முடியாது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முடிவான பிறகு, நேரம் பார்ப்பது யார் என்பதில் பேச்சு முறிந்தது. மூன்று பேருக்கும் பொதுவான ஆள் வேண்டும். அக்கா என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு உங்க ஜெபமே தெரியாதே அக்கா."

"கடிகாரம் பார்க்கத் தெரியுமில்ல?"

மணி ஒன்று வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது சைக்கிள் மணிதான். சைக்கிளையே கோவிலுக்குள் தள்ளிக்கொண்டு போய், நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பக்கத்தில் நின்றேன். முதல் தடவை நான் மணியடித்தபோது முன் வரிசையில் பாயில் இருந்தவர்கள் கண்ணைத் திறக்காமலே காலை மடக்கி எனக்கு வழி விட்டார்கள்.

கூட்டத்தில் கண் திறந்திருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் போதகர்களை நான் அறிந்த அளவுக்கு அவர்களுடைய சபையார்கூட அறிய மாட்டார்கள். ஐயருடைய ஜெபம் ஆதாமில் புறப்படும். மூன்று நிமிடம் முடியும்போது எகிப்தில் இருப்பார். அது தாம்பரம் வந்து சேர்ந்து நான் கேட்டதில்லை. பாஸ்டர் எடுத்த எடுப்பிலேயே உச்சக் குரலுக்குப் போய்விடுவார். சைக்கிள் மணி அவர் காதில் விழாது. இடுப்பில் லேசாகத் தொட வேண்டும். "இன்னா சார், இப்பதான் ஆரம்பிச்சேன், பெல் அடிச்சிட்டியே!" என்பார். ஃபாதர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "மீதி ரெண்டரை நிமிஷத்த வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்" என்பார். அந்த இரண்டரை நிமிடம் யாருக்கு என்று மற்ற இருவருக்கும் சண்டை வரும்.

சண்டை நேராக வராது. ஆண்டவர் வழியாக வரும். "ஆண்டவரே, உமது ஆலயத்தின் ஆர்மோனியத்தை அபகரித்தவர்களை மன்னித்தருளும்" என்பார் ஐயர் கண்களை மூடியபடி. பாஸ்டரின் ஒரு கண் மட்டும் திறக்கும். தன் முறை வந்ததும், "கர்த்தாவே, அந்தப் பொட்டி பத்து வருசமா எலி கூடு கட்டிக் கெடந்ததுன்னு உமக்குத் தெரியும்!" என்பார். கூடியிருந்தவர்கள் இரண்டுக்கும் ஆமென் சொன்னார்கள்.

வீட்டில் எனக்கு வேறு தொல்லை. போதகரை ஐயர் என்பது அவர்கள் வழக்கம். "ஐயர் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்" என்று ஒரு சனிக்கிழமை சொன்னேன். என்ன சமையல் என்று என் மனைவி கேட்டாள். வஞ்சிரம் வறுவல் என்று சொன்ன பிறகு இரண்டு நாள் அவள் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தாள்.

எட்டாவது மாதம் கிருபையம்மாள் வயிற்றில் கட்டி என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். திங்கட்கிழமை ஆபரேஷன், டாக்டர்கள் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை ஜெபம் ஓட்டுக் கோவிலில். பாஸ்டர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் குரல் எழும்பாத ஒரே நாள் அதுதான். கிருபையம்மாளுக்காக ஜெபிக்கும்படி அக்கா ஐயரைக் கேட்டார்.

ஐயர் வெள்ளை அங்கியோடு எழுந்து நின்றார். "சர்வ வல்லமையுள்ள..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஆதாமும் வரவில்லை, ஆபிரகாமும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நிமிடம் ஆனதும் பழக்கத்தில் என் விரல் மணியை அடித்துவிட்டது. இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அக்கா எழுந்தார். "நேரம் ஆயிடுச்சு ஐயா. அஞ்சு நாற்பது வண்டி இருக்கு. ஏழு மணி வரைக்கும் உள்ள விடுவாங்க."

ஐயர் கண்ணைத் திறந்தார். நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"எந்த வார்டு மச்சான்?"

"சொன்னா உனுக்குத் தெரியாது. வா, நானே இட்டுனு போறேன்."

அங்கியைக் கழற்றக்கூட நிற்காமல் ஐயர் ஸ்டேஷனுக்கு ஓட, பின்னாலேயே பாஸ்டர் ஓடினார். ஃபாதர் அன்றுதான் முதன்முதலாக மூன்று நிமிடமும் ஜெபித்தார். நான் மணியடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கிருபையம்மாளே பிற்பாடு எனக்குச் சொன்னார். ஒன்பது வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் வெள்ளை அங்கியோடு கட்டில் அருகே வந்து நின்றதும், "ஐயோ, என் நிலைமை அவ்ளோ மோசமாவா இருக்கு!" என்று கத்திவிட்டாராம். வார்டு முழுக்கச் சிரித்ததாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதையெல்லாம் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

அத்தனை ஜெபங்களிலும் அக்கா ஒரு நாள்கூட வாய்விட்டு ஜெபித்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு மூணு நிமிஷம் பத்தாது சார்" என்றார்.

பிறகு குரோம்பேட்டைக்கு மாற்றலாகிப் போனார். அங்கிருந்தும் வாரம் ஒரு முறை தாம்பரம் வருவார். ஃபாதர் வீட்டிலோ பாஸ்டர் வீட்டிலோ என்னையும் கூட்டிக்கொண்டு போய் உட்காருவார். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. டீ குடித்துவிட்டு எழுந்துவிடுவோம். எதற்கு வந்தோம் என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "காரியமா போனா அது வேலை சார். சும்மா போனாதான் பழக்கம்" என்றார்.

அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தச் 'சும்மா'வைத்தான். பெருங்களத்தூரில் வாடகை வீட்டில் ஓர் இளம் போதகர் புதிதாகச் சபை தொடங்கியிருக்கிறார். அவருக்குக் கடிதமே வருவதில்லை என்று தபால்காரர் சொன்னார். போன ஞாயிறு மாலை அங்கே போய்க் கதவைத் தட்டினேன். சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தவர் என் திருநீற்றைப் பார்த்தார்.

"என்ன விஷயம் சார்?"

"ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன்."

வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அதை எனக்குப் போட்டுவிட்டு அவர் நின்றார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? நானும் எழுந்துவிட்டேன். நாற்காலியை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் நின்றபடியே அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.