தாமதமாக வரும் ஆமென்

எங்கள் சபையில் ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக ஆமென் சொல்வார்கள். அது அடங்கி, பாட்டுப் புத்தகத்தை எடுக்கக் கை நீளும் நேரத்தில், கடைசி வரிசையிலிருந்து இன்னொரு ஆமென் தனியாக வரும். கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் திடுக்கிட்டு. அதுதான் என் அத்தான். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர், பேக்கரிக்காரர், ஜெபத்துக்கு முழங்கால் போட்ட மறுநிமிடமே தூங்கிவிடுகிறவர். பக்கத்தில் இருப்பவர்களின் ஆமென்தான் அவருக்கு அலாரம். சபையில் சின்னப் பிள்ளைகள்கூட அவரை 'லேட் ஆமென்' என்றுதான் சொல்வார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதே இல்லை. கோபிப்பதற்கு முதலில் விழித்திருக்க வேண்டுமே.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. மற்றவர்கள் புரண்டு படுக்கிற நேரத்தில் அவர் மாவு பிசையும் மிஷினை ஓடவிட்டிருப்பார். விடிவதற்குள் முதல் ட்ரே ரொட்டி ஓவனிலிருந்து இறங்கியாக வேண்டும். மதியம் கடை சற்று ஓயும்போது மாவு மூட்டைமேல் உட்கார்ந்தபடி ஒரு தூக்கம் போடுவார். அவர் நின்றுகொண்டே தூங்குவதையும் பார்த்திருக்கிறேன், பன்களின்மேல் முட்டை பூசுகிற பிரஷ் கையில் இருக்க. ஒரு பன்னிலும் பூச்சு தப்பியிருக்காது, அது வேறு விஷயம்.

அக்கா அவருக்கு நேர் எதிர். கடையின் முன்பக்கம் அவளுடைய ராஜ்ஜியம். பன் சூடாக வந்திருக்கிறது என்று கல்லாவிலிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால், தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சபையில் பாட்டை ஆரம்பிப்பதும் அந்தக் குரல்தான். கீபோர்டு வாசிப்பவர் முதலில் அவளைப் பாடவிட்டு, பிறகுதான் கட்டையைத் தேடுவார்.

அந்தக் குரல் புறப்படுகிற கழுத்தில்தான் கட்டி வந்தது. முதலில் முந்தானை மறைக்கிற அளவுக்கு இருந்தது, பிறகு எதுவும் மறைக்காத அளவுக்கு வளர்ந்தது. எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கவனமாகச் செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் சபையில் இப்படி ஒரு காரியம் வந்தால் சங்கிலி ஜெபம் வைப்பது வழக்கம். காலையிலிருந்து மாலைவரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் இருக்கிற இடத்திலேயே, இடைவெளி விழாமல் ஒருவர் மாற்றி ஒருவர். நேரம் பிரித்துக் கொடுப்பது பாஸ்டரம்மா. அவர் கேட்டு முடிப்பதற்குள் அத்தான் எழுந்து, அக்கா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிற நேரம் தனக்குத்தான் வேண்டும் என்றார். அது மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். அவர் மாவு மூட்டைமேல் சாய்கிற நேரம். பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். காலை நேரம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று அவர் பக்குவமாகக் கேட்டும் பார்த்தார்.

"இல்லைங்கம்மா. அன்னிக்கு நான் தூங்க மாட்டேன்" என்றார் அத்தான்.

ஆஸ்பத்திரியின் மேல்மாடிக் கோடியில் ஒரு சின்ன ஜெப அறை உண்டு. பிரம்பு பின்னிய நாற்காலிகள் நாலைந்து, சுவரில் ஒரு மரச் சிலுவை, காற்று வராத ஒரு ஜன்னல். பள்ளிக்கூட விடுதி ஒன்றுக்கு ரொட்டி போயாக வேண்டியிருந்ததால் அத்தானுக்கு அன்றும் ஓவன் முன்னால்தான் விடிந்தது. புருவத்தில் ஒட்டிய மாவோடு நேராக வந்து அந்த அறைக்குள் போனார். நான் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அடுத்த மணி நேரம் என்னுடையது.

நான் மேலே போனபோது அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நெற்றியில் பிரம்புப் பின்னல் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இந்த மனுஷன் எவ்வளவு உருகி ஜெபித்திருந்தால் இப்படிப் பதியும் என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியில் முகம் புதைத்து முழங்காலில் இருக்கிறவர் ஜெபிக்கிறாரா தூங்குகிறாரா என்று வெளியாளால் சொல்லவே முடியாது. நான் அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே போனேன். என் மணி நேரத்தை முழுதாக ஜெபித்தேன். அதில் பாதி ஆண்டவருக்கு உத்தரவு போட்டதுதான், ஆனாலும் ஜெபித்தேன்.

ஆபரேஷன் நினைத்ததைவிட நீண்டுவிட்டது. வெளியே வந்த டாக்டர், பயப்படுகிற மாதிரியான கட்டி இல்லை என்றார். ஆனால் அது குரல் நரம்போடு ஒட்டிக்கிடந்ததாம், பிரித்தெடுக்கும்போது நரம்பு அடிபட்டுவிட்டதாம். குரல் திரும்பலாம், நாள் பிடிக்கும், பழையபடி இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. அப்படி ஆனது எப்போது என்று அத்தான் கேட்டார். என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்துவிட்டு, மதியம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் என்றார் டாக்டர். அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா வீட்டுக்கு வந்தாள், காற்று மட்டும் வருகிற குரலோடு. கல்லாவில் உட்கார்ந்து, அத்தானைக் கூப்பிட இடுக்கியால் ட்ரேயைத் தட்டினாள். ஒரு தட்டு தட்டினால் பன், இரண்டு தட்டினால் ரொட்டி, விடாமல் தட்டினால் வாடிக்கையாளர் சண்டைக்கு நிற்கிறார் என்று அர்த்தம். அவள் சமாளித்துக்கொண்டாள்.

சமாளிக்காதவர் அத்தான்தான். தூக்கம் அவரை விட்டு ஓடிப்போனது. மதியம் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து கண்ணைத் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மாவில் ஈஸ்ட் போட மறந்து, ரொட்டியெல்லாம் செங்கல்லாக வந்தது. இன்னொரு நாள் உப்பு இரண்டு தடவை விழுந்தது. சபைக்கு அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்றுகொள்வார். உள்ளே ஜெபம் முடியும், எல்லோரும் ஆமென் சொல்வோம், அப்புறம் வர வேண்டியது வராது. அந்த வெறுமை எனக்குக் காதில் அடித்தது. அக்காவின் குரலை நினைத்துத்தான் இப்படி ஆகிவிட்டார் என்று நான் நினைத்தேன். அக்கா கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

"குரல் போனா போகட்டும்டி. இந்த மனுஷன் எங்க போனார்?" என்று ஒரு நாள் என் காதில் கேட்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுகிறவளைத் தேற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு, சாட்சி சொல்கிற நேரம். யாராவது எழுந்து, அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்வார்கள். அன்று வாசல் பக்கமிருந்து அத்தான் உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றக்கூட மறந்து நேராக முன்னால் போய் நின்றார்.

"எனக்குச் சாட்சி இல்லை" என்றார். "அன்னிக்கு அந்த ஒரு மணி நேரம் நான் ஜெபிக்கலை. முட்டி போட்டதுதான் தெரியும். முழிச்சப்ப நேரம் முடிஞ்சுபோச்சு. அந்த நேரத்துலதான் அவ குரல் போயிருக்கு. சங்கிலி என்கிட்டதான் அறுந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த நெற்றி அச்சை நான் எவ்வளவு பக்தியோடு பார்த்தேன்! ஒரே ஒரு நாள், அதுவும் அவளுக்காக, விழித்திருக்க முடியாதா இந்த ஆளால்? எழுந்து நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் காதில் ஏதோ சொன்னாள். சொல்லு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லு என்று கையைக் காட்டினாள். அவளுக்குக் குரல் இல்லை, வேறு வழியில்லாமல் நான்தான் எழுந்தேன்.

"அக்கா கேக்கறா" என்றேன் வேண்டாவெறுப்பாக. "இவர் மட்டும்தான் தூங்கினாரா?"

முதலில் எழுந்தவர் தையல்காரம்மா. முழங்கால் போட்டதும் மறுநாள் கொடுக்க வேண்டிய கல்யாணத் துணி ஞாபகம் வந்து, ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிட்டாராம். கணக்கு வாத்தியார் தன் நேரத்தை அடியோடு மறந்திருந்தார். படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வந்ததாம். பாஸ்டரம்மா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். பாஸ்டரோ, நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, தன் நேரத்தில் பாதி போனில் போயிற்று என்றார். நாங்கள் சங்கிலி என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்குமேல் ஓட்டை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தான் மட்டும் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மறுபடி என்னைக் குனியச் சொன்னாள். இந்தத் தடவை நிறையச் சொன்னாள். அவள் மூச்சு என் காதில் சூடாகப் பட்டது. நான் நிமிர்ந்தபோது என் கோபத்தைக் காணவில்லை.

"அக்கா சொல்றா, அவரைவிட நல்லா தூங்கினது நான்தான், ஊசி போட்டுத் தூங்கினேன்னு. பாதிப் பேர் ஜெபிக்கலை, நானும் ஜெபிக்கலை, ஆனா நான் கண்ணு முழிச்சேன், உங்க எல்லார் முகத்தையும் பார்த்தேன். அப்ப..." எனக்குக் குரல் உடைந்துவிட்டது. குரல் இருக்கிறவள் நான், என்னால் முடியவில்லை. "அப்ப அன்னிக்கு முழுக்க என்னைத் தூங்காம பார்த்துக்கிட்டது யாருன்னு கேக்கறா."

பாஸ்டர் பிரசங்கத்துக்காக எடுத்து வைத்திருந்த வேதப் புத்தகத்தை மூடிவிட்டார். தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அத்தான் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டு, முன்வரிசை நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினார். அக்கா போய் அவர் பக்கத்தில் முழங்காலிட்டாள். பாஸ்டர் அவளையே ஜெபிக்கச் சொன்னார்.

அவள் ஜெபித்தது எங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டது. நன்றி என்கிற வார்த்தை பல தடவை வந்தது. அவள் தலை நிமிர்ந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னோம். பிறகு காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். அத்தானின் தோள் குலுங்கவில்லை, மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனையோ வாரத்துத் தூக்கம் மொத்தமாக வந்து அவரைப் பிடித்திருந்தது.

யாரோ தட்டி எழுப்பப் போனார்கள். அக்கா உதட்டில் விரல் வைத்துத் தடுத்தாள். அவர் தலையில் கையை வைத்தபடி, அந்தக் கரகரத்த காற்றுக் குரலில் பாட்டை ஆரம்பித்தாள். நாங்கள் எல்லோரும் அவளைவிடச் சத்தம் வராமல், குழந்தை தூங்குகிற வீட்டில் பாடுவதுபோல் பாடினோம். பாட்டு முடிந்து நாற்காலிகள் நகர்ந்த பிறகுதான், திடுக்கிட்டு, அந்த ஆமென் வந்தது. நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை.

அக்காவின் குரல் மெதுவாகத் திரும்பியது. பஸ் நிறுத்தம்வரை இப்போது போவதில்லை, பக்கத்துக் கடைவரை போகிறது. மேலே ஏறுகிற வரி வந்தால் அவள் நிறுத்திவிடுவாள், சபை அதைப் பாடிக் கொடுக்கும். அத்தான் கடைசி வரிசைக்குத் திரும்பிவிட்டார், முழங்கால் போட்ட மறுநிமிடமே தூங்குகிறார். கீபோர்டு வாசிப்பவர் மட்டும் ஒன்றை மாற்றிக்கொண்டார். எல்லோரும் ஆமென் சொன்னாலும், இரண்டாவது ஆமென் வந்து சேரும்வரை அவர் கட்டையில் கை வைப்பதில்லை.