ஜாமீன் போட்டது யார்?

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, சரியாக நினைவில்லை. ஐப்பசி மாதம், மழை. காஞ்சிபுரத்து மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஈர வேட்டியோடு நின்றிருந்தேன். என்னுடைய பழைய கேஸின் தீர்ப்பு நகல் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. படிப்பு மூன்றாவது வரை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தேன். ஒரு நாள் அவர் வீட்டில் சரிகை காணாமல் போனது. சரிகை என்றால் வெள்ளியும் பொன்னும். போலீஸ் வந்தது. அன்று சாயந்திரம் நான் துண்டில் எதையோ கட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் அடுத்த தெருச் சாயக்காரர். முதலாளியின் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிறவர். துண்டில் இருந்தது என் காலித் தூக்குச்சட்டி. யாரும் நம்பவில்லை. சப்ஜெயிலில் போட்டார்கள்.

பதினோராம் நாள் கதவைத் திறந்து விட்டார்கள். ஜாமீன் என்றார்கள். வாசலில் என் தாய்மாமா நின்றார். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

கேஸ் சில மாதம் நடந்தது. சாயக்காரர் கூண்டில் ஏறிப் பார்த்ததைச் சொன்னார். இன்னும் என்னவோ சொன்னார். என் காதில் 'பார்த்தேன்' என்பது மட்டும்தான் விழுந்தது. கடைசி நாளில் மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் படித்தார். கோர்ட் பியூன் என் தோளைத் தட்டி, "விடுதலை, போ" என்றார். சரிகையை யார் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடுதலை ஆனாலும் 'சரிகைக் கேஸு' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு சரிகை போட்ட சேலை எனக்கு யாரும் தரவில்லை. நூல் பார்டர் சேலைதான். கூலி பாதி. ஆறேழு வருடம் அப்படியே போனது. அத்தனை வருடமும் அந்தச் சாயக்காரரோடு நான் பேசவில்லை. அவர் எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவேன். அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

அந்த ஐப்பசியில் நெசவாளர் சொசைட்டியில் ஒரு தறிக்கு இடம் வந்தது. மனு போட்டேன். கமிட்டியில் ஒருவர் நியாயமாகத்தான் பேசினார்.

"கோச்சிக்காதப்பா. உன் கையில சரிகை குடுக்கணும் நாங்க. விடுதலைன்னா கோர்ட்ல காகிதம் இருக்கும் இல்ல? வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள கொண்டாந்துடு."

வெள்ளிக்கிழமை போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

திங்கள்கிழமை கோர்ட்டுக்குப் போனேன். நம்பர் கொண்டுவா என்றார்கள். செவ்வாய்க்கிழமையும் அதையே சொன்னார்கள். புதன்கிழமை ரெக்கார்டு கிளார்க் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் மப்ளர். மூக்கு சிவந்து தும்மிக்கொண்டே இருந்தார்.

"இன்னா கேஸு?"

"சரிகை திருட்டுங்க. நான் எடுக்கலை."

"நம்பர்?"

"தெரியாதுங்க."

"வருஷமாவது தெரியுமா?"

யோசித்தேன். "அப்போ தறியில அரக்குக் கலர் பாவு இருந்துதுங்க. முகூர்த்தச் சேலை."

"யோவ், வருஷம் கேட்டா சேலைக் கலர் சொல்ற மொத ஆளு நீதான்யா." பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். கிளார்க் சிரிக்கவில்லை. தும்மிவிட்டுக் கேட்டார். "திருநாள், எலெக்‌ஷன், எதனா ஞாபகம் இருக்குதா?"

"பெருமாள் கோயில் கருட சேவை அன்னிக்கு நான் உள்ள இருந்தேங்க. விடியக்காலையில ஜனங்க போற சத்தம் கேட்டுக்கினே இருந்துது."

"எந்த வருஷத்துக் கருட சேவை?"

"இந்தி வேணாம்னு பசங்க ஊர்வலம் போனாங்களே, அதுக்கு அடுத்து வந்துதுங்க."

"அப்போ அறுபத்தஞ்சு. வைகாசி. மே, ஜூன்ல பார்க்கணும்."

எழுந்து போய் ஒரு பெரிய ரிஜிஸ்டரைத் தூக்கிவந்தார். விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். இன்னோர் இடத்தில் நிறுத்தினார்.

"உன் பேர்ல ரெண்டு பேர் இருக்கான். அப்பன் பேரும் ஒண்ணுதான்."

எனக்கு ஆச்சரியமில்லை. என் பேர் ஊர்ச் சாமி பேர். தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்.

"ரெண்டும் திருட்டுக் கேஸு. ஒருத்தனுக்கு ஆறு மாசம். ஒருத்தனுக்கு விடுதலை. நீ எது?"

"விடுதலைங்க."

"அந்த ஆறு மாசக்காரன் வந்து நின்னாலும் அதான் சொல்லுவான்."

உள்ளே போனார். வெகுநேரம் கழித்து ஒரு கட்டோடு வந்தார். தலையெல்லாம் தூசி. கட்டின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம் போயிருந்தால் இதையெல்லாம் எரித்துவிட்டிருப்பார்கள் என்றார். கட்டை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரியாமல் ஒரு காகிதத்தைப் பார்த்தார்.

"புகார் குடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும், அதக் கேக்க மாட்டேன். ஜாமீன் போட்டது யாருன்னு ஜாமீன்ல வந்தவனுக்குத்தான் தெரியும். சொல்லு. யாரு?"

இவ்வளவுதானா என்று இருந்தது. மாமா பேரைச் சொன்னேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டைக் கட்டினார்.

"இது உன் கேஸு இல்லய்யா. போ."

"நல்லாப் பாருங்க சார்."

"எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்யா. இதுல அந்தப் பேரே இல்ல."

மாமாவைக் கூட்டிவந்து நிறுத்தலாம் என்றால் அவர் செத்து இரண்டு வருடம். படியில் இறங்கினேன். மழை பெய்துகொண்டிருந்தது. கேஸ் என்னுடையது இல்லை என்றால் விடுதலையும் என்னுடையது இல்லை. அந்த இன்னொருவனின் ஆறு மாதம்தான் இனிமேல் என் தலையில். வீட்டில் மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கேட் வரை போய்விட்டேன். பின்னால் தும்மல் சத்தம்.

"ஏய், அரக்குக் கலரு! இங்க வா."

போனேன்.

"உங்க மாமாவுக்குச் சொந்த வீடு உண்டா?"

"வாடகைங்க."

"அப்புறம் எப்படிய்யா அவரை ஜாமீனுக்கு எடுப்பாங்க? வீட்டு வரி ரசீது வெச்சாத்தான் இந்தக் கோர்ட்ல எடுப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வேட்டியைத் தூக்கு."

"சார்?"

"வலது கால். முட்டிக்குக் கீழ."

பிடித்த அன்று போலீஸ்காரர் என் உடம்பில் இருந்த அடையாளங்களை எழுதிக்கொண்டது அப்போதுதான் நினைவு வந்தது. தறிக் குழியில் சறுக்கி விழுந்த தழும்பு. தூக்கிக் காட்டினேன்.

"நல்லாத் தூக்குய்யா, கோர்ட்டே பார்க்கட்டும்" என்றார் கான்ஸ்டபிள்.

கிளார்க் குனிந்து பார்த்தார். "புளியங்கொட்டை மாதிரின்னு எழுதியிருக்கான். சரியாத்தான் எழுதியிருக்கான்." நிமிர்ந்தார். "நீதான். ஆனா உன்ன வெளியில கொண்டாந்தது உன் மாமா இல்ல."

பேரைப் படித்தார். அப்பா பேர், தெரு. தொழில், பட்டுக்குச் சாயம் போடுவது.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார்.

"வீட்டு வரி ரசீதைக் குடுத்து, நீ ஒழுங்கா கோர்ட்டுக்கு வருவேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அவரேதான் உனக்கு எதிர்சாட்சியும். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லய்யா."

அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொன்று நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு சாயக்காரரின் சைக்கிள் என் எதிரே சேற்றில் விழுந்தது. கேரியரில் இருந்த நூல் எல்லாம் சேற்றில். நான் நின்று பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனேன். கை கொடுக்கவில்லை.

கிளார்க் நகல் மனுவை அவர் கையாலேயே எழுதினார். அவசரம் என்று மேலே போட்டார். எந்த ஸ்டாம்பு, எங்கே வாங்குவது என்று சொன்னார். தீர்ப்பில் ஒரு இடத்தைத் தமிழில் சொன்னார். மூட்டையில் என்ன இருந்தது என்று தான் பார்க்கவில்லை என்று சாட்சி உறுதியாகச் சொல்கிறார். ஆகவே குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

ஒரு காபி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"காபி வேணாம். சுக்கு இருந்தா கொண்டா" என்று தும்மினார்.

கோர்ட்டிலிருந்து நேராகச் சாயக்காரர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் ஆவி பறக்கும் அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தார். முழங்கை வரை சிவப்பு. அவர் மனைவிதான் என்னை முதலில் பார்த்தார்.

"இன்னிக்கு மழை ஏன் இப்படிக் கொட்டுதுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

அவர் திரும்பினார். நேற்று வந்துபோனவனிடம் சொல்வதுபோல "வாப்பா" என்றார்.

"அண்ணே, ஜாமீன் போட்டது நீங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

"கோர்ட்ல. காகிதத்துல இருக்குது."

"அதெல்லாம் இன்னுமா வெச்சிக்கினு இருக்காங்க?"

"ஏண்ணே சொல்லலை?"

"நீ எதிர்ல நின்னாத்தானே சொல்ல முடியும். என்னப் பார்த்தா அந்தாண்ட பூடுவே."

அவர் மனைவி விடவில்லை. "ரசீதைக் குடுத்துட்டு வந்து ரெண்டு நாள் என்கிட்டயே சொல்லலை. தெரிஞ்ச அன்னிக்கு நான் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டுது. உனக்குத்தான் கேக்கலை. நீ எங்கனா ஓடிப் போயிருந்தா எங்க கதி இன்னா?"

"அவன்தான் ஓடலையே" என்றார் அவர். நூலைப் புரட்டிக்கொண்டே பேசினார். "போலீஸ்ல, பார்த்தியான்னு கேட்டாங்க. பார்த்தேன்னு சொன்னேன். உள்ள இன்னா இருந்துதுன்னு பார்க்கலைன்னும் சொன்னேன். அத அவங்க காதுல வாங்கலை. என் வாயாலதானே நீ உள்ள போனே. அப்புறம் எனக்குச் சோறு எறங்கலை. உங்க மாமாவைப் போய்ப் பார்த்தேன். வெளியில சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன். சாட்சி சொல்றவன் ஜாமீனும் போட்டான்னா, நாம ரெண்டு பேரும் கூட்டுன்னு உன் மேலதான் சந்தேகம் வரும்."

காலைத் தொடக் குனிந்தேன். சிவப்புக் கைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "கிட்ட வராத. வேட்டியெல்லாம் ஆயிடும்."

நூலைப் பிழிகிற நேரம். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் மனைவி நூலை முறுக்குகிற கோலை எடுக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் அந்த முனையில், நான் இந்த முனையில். முறுக்கினோம். சாயத் தண்ணீர் என் கை வழியாக ஓடியது. அன்றைய நூல் முழுவதையும் பிழிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை நகல் கிடைத்தது. என் மனைவி இடித்துக் கொடுத்த சுக்கைக் கிளார்க்கிடம் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். அதைப்போல் நல்ல வார்த்தையை அந்தக் கோர்ட்டில் நான் கேட்டதில்லை.

சொசைட்டியில் நகலை நீட்டினேன். கமிட்டிக்காரர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையைப் பார்த்தார்.

"இன்னாப்பா, கையெல்லாம் செவப்பு?"

"சாயம்" என்றேன்.

அடுத்த வாரம் பட்டும் சரிகையும் கொடுத்தார்கள். எனக்கு முன்னாலேயே சாயக்காரருக்கு விஷயம் போய்விட்டது. அன்று தெருவில் சைக்கிளை நிறுத்தி, "பார்டர் இன்னா கலரு?" என்று மட்டும் கேட்டார். அரக்கு என்றேன்.

அவர் இப்போது இல்லை. பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, போடவில்லை. அந்தக் கிளார்க்கின் பேரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. என்னிடம் இருக்கும் நகலில் தீர்ப்பு மட்டும்தான் இருக்கிறது, ஜாமீன் காகிதம் இல்லை. அது இருந்த கட்டை எப்போதோ எரித்திருப்பார்கள். எரிந்தால் போகட்டும். ஜாமீன் போட்டது யார் என்று இன்று யாராவது கேட்டால், தப்பில்லாமல் பதில் சொல்வேன்.