குடித்த தண்ணீர் போக ஒரு இடம்

எங்கள் ஊரில் ஒரு முஸ்லிம் பெண் நாய் வளர்ப்பதென்றால் எருமைத் தோல் வேண்டும். எனக்கு அது உண்டு. பென்ஷன் எடுக்கும் வரை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் நான். அதற்குப் பிறகு ஒரு மனுஷிக்குப் பயப்பட என்ன மிச்சம் இருக்கிறது?

கல்முனையில் கடற்கரைப் பக்கம், சுனாமிக்குப் பிறகு கட்டிய தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். வளவு என்று ஒன்று கிடையாது. ஒரு கறிவேப்பிலைக் கன்று நடக்கூட மண் இல்லை. கீழே இறங்கினால் வாசலிலிருந்து கடல் மணல் தொடங்கும் இடம் வரை கொங்கிறீட் ஒழுங்கை. இந்த இடத்தில் மனுஷர் வாழலாம், பூனை வாழலாம். நாய் வாழலாமா என்று யாரும் யோசித்துப் பார்த்ததில்லை. நானும்தான்.

நாய் என்னுடையது அல்ல, காரைதீவு டீச்சருடையது. அவரும் நானும் ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் அறையில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் காலம் தள்ளியவர்கள். தமிழ், முஸ்லிம் ஒற்றுமை என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் பலகாரம் பரிமாறிய கதையைத்தான் சொல்வார்கள். நாங்கள் பரிமாறிக்கொண்டது அதிபரைப் பற்றிய குறைகளை. அதைவிட உறுதியான நட்பை நான் கண்டதில்லை.

அவருக்கு மார்பில் கட்டி என்று சொல்லி மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும் என்றார்கள். கொழும்பில் தங்கை வீட்டில் அவர் தங்க ஒரு அறை இருந்தது, நாய்க்கு இடம் இல்லை. பிள்ளையில்லாத மனுஷி, நாயைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். போவதற்கு முதல் நாள் பார்க்கப் போனேன். பெட்டியெல்லாம் கட்டி முடித்துவிட்டு, நாயின் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததுதான் என்னைப் பிடித்துவிட்டது.

“நான் கொண்டு போறன், டீச்சர்,” என்றேன்.

“உங்கட ஆக்கள் என்ன சொல்லுவாங்க?”

“அவங்களுக்குச் சொல்ல வாய் இரிக்கி. எனக்குக் கேக்காம இரிக்க ஏலும்.”

அப்படித்தான் தம்பி மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தான்.

மார்க்கத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரால். கடற்கரையிலிருந்து ஒரு வாளி மண் கொண்டுவந்து குளியலறை வாசலில் வைத்தேன். அவனோடு போக ஒரு அபாயா, தொழுகைக்கு வேறு. அவன் மூக்கால் முட்டும்போதெல்லாம் ஏழு தரம் கழுவினேன். என் கைகள் என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக இருந்ததே இல்லை. ஆனாலும் முதல் மாடி மனுஷி என்னைக் கண்டால் சீலைத் தலைப்பை இழுத்து ஒதுங்கினார். நாலு பேர் ஒரு வீட்டுக் கதவில் நின்று கதைத்தால் நான் வரும்போது கதை நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கதைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிரச்சினை ஊர் வாய் அல்ல. பிரச்சினை தம்பி ஒன்றுக்கு இருக்க மாட்டேன் என்றதுதான்.

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். இவனுக்கு நாள் முழுக்க ஒரேயொரு வேலைதான் இருந்தது, அதையும் செய்யவில்லை. காரைதீவில் அவனுக்குப் பெரிய வளவு. நினைத்த நேரம் போவான், நினைத்த மரத்தடியில் இருப்பான். இங்கே ஒவ்வொரு தடவையும் மாடிப்படி இறங்க வேண்டும். படியில் சின்னப் பிள்ளைகள் கத்தும். ஒழுங்கையில் ஆட்டோ. ஆட்டோ போனால் பாண் வண்டி பாட்டோடு வரும். அதுவும் போனால் தோணிகளுக்குக் கீழே படுத்திருக்கும் ஊர் நாய்கள் எழும்பி நின்று உறுமும். தம்பி வாலைக் கால்களுக்குள் செருகிக்கொண்டு என் அபாயாவோடு ஒட்டிக்கொள்வான். அதற்கு ஒரு ஏழு தரம்.

மிருக வைத்தியரிடம் காட்டினேன். நோய் ஒன்றும் இல்லை, இது பயமும் கவலையும் என்றார். அடக்கி அடக்கி வைத்தால் சிறுநீர்ப்பை பழுதாகும், சிறுநீரகத்துக்கும் கூடாது, எப்படியாவது வெளியே இருக்கப் பழக்குங்கள் என்றார். எப்படி என்று கேட்டேன். அவசரப்படுத்த வேண்டாம், ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துக்குக் கொண்டுபோங்கள், பேசாமல் நில்லுங்கள் என்றார். பேசாமல் நிற்பதா? என்னையா சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

இடம் ஒன்று கண்டுபிடித்தேன். ஒழுங்கை முடியும் இடத்தில், கடல் கொண்டுபோன வீடு ஒன்றின் அத்திவாரம் மட்டும் கிடக்கிறது. சுற்றிவரக் கடல் மணல், கொஞ்சம் அடம்பன் கொடி. அதற்குப் பிறகு யாரும் வீடு கட்டாத காணி. விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு, ஆண்கள் பள்ளிவாசலால் வருவதற்கு முன் அவனை அங்கே கொண்டுபோவேன். அவன் மணந்து மணந்து சுற்றுவான். குட்டியிலேயே கருத்தடை செய்த நாய், காலைத் தூக்க மாட்டான், குந்தித்தான் இருப்பான். குந்துவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒன்றும் நடக்காமல் எழும்பிவிடுவான். ஒவ்வொரு நாளும் இதுதான். சில நாள் மத்தியானம் கடற்கரையில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கூட்டிப் போனால், அடக்க முடியாமல் இரண்டு சொட்டு விட்டு வருவான். மிச்சத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து திரிவான், நகம் சீமெந்துத் தரையில் டக்கு டக்கென்று கேட்கும். அந்தச் சத்தம் எனக்கே அடிவயிற்றில் வலிக்கும்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை உடைந்தது. ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லாரும் வெள்ளைச் சேட்டும் சாறனுமாகப் படியால் இறங்குகிற நேரம் பார்த்தா நான் அவனைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்? புத்தியில்லை எனக்கு. அத்தனை பேரைக் கண்டதும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் தம்பி நடுங்கினான், நின்ற நிலையிலேயே விட்டுவிட்டான். வாய்க்கால் திறந்த மாதிரி ஒவ்வொரு படியாக இறங்கியது. கீழே நின்றவர் ஹாஜியார், எங்கள் தொடர்மாடிச் சபைத் தலைவர். அவருடைய சாறன் ஓரம் நனைந்தது. அந்த மனுஷன் திரும்பி மேலே ஏறி, ஏழு தரம் கழுவி, குளித்து, உடுப்பு மாற்றிப் போக, பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் பாதி முடிந்துவிட்டது.

அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். படியை நான் கழுவினேன், ஏழு தரம், மண்ணும் போட்டு, மேலிருந்து கீழ் வரை. தொழுகை முடிந்து சபை முழுவதும் என் வாசலுக்கு வந்தது. தலைவர் குரல் உயர்த்தவில்லை. நாளைக்குப் பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு வந்து பார்ப்போம் என்றார். வெளியே போய் ஒழுங்காக இருந்தால் நாய் இருக்கட்டும், இல்லையென்றால் சாக்கில் போட்டுத் தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுவோம் என்றார். எங்கள் பக்கம் வேண்டாத நாய்க்கு அதுதான் தீர்ப்பு. சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, தெரியாத ஊர்ச் சந்தையில் அவிழ்த்து விடுவார்கள். வாகனம் அடிக்கும், இல்லாவிட்டால் மற்ற நாய்கள் கிழிக்கும். மகரகமையில் கட்டிலில் கிடக்கிற ஒருத்தியிடம் நான் என்னத்தைச் சொல்வேன்?

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஹாஜியார், தாகத்தில கெடந்த நாய்க்குத் தண்ணி குடுத்தா சொர்க்கம் எண்டு பயானில சொல்லுறீங்க. குடிச்ச தண்ணி பொறகு எங்கால போறதாம்? அத ஒருத்தரும் சொல்லித் தரல்லயே.”

மேல் மாடியில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஹாஜியார் சிரிக்கவில்லை. நாளைக்கு அசறு என்று மறுபடியும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சனிக்கிழமை சுபஹுக்குப் பிறகு கொண்டுபோனேன். குந்தினான், எழும்பினான். அவ்வளவுதான். முதல் நாள் படியில் விட்டதற்குப் பிறகு ஒரு சொட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து குசினியில் நின்று அழுதேன். கோபத்தில் வந்த அழுகை, ஆனால் அழுகைதான்.

பகல் பத்து மணி போல டீச்சர் ஃபோன் எடுத்தார். மருந்து ஏற்றியதில் குரல் கம்மியிருந்தது. தன் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, தம்பி வெளியே போகிறானா என்றுதான் முதல் கேள்வி. பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. குந்துகிறான், பிறகு எழும்புகிறான் என்று சொன்னேன்.

“குந்தினாப் பொறகு நீங்க என்ன செய்யிறீங்க?”

“ஒண்டும் செய்யல்ல. திருப்பி விடுறன், அவ்வளவுதான்.”

“என்னத்துக்குத் திருப்புறீங்க?”

அவர் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. வெட்டவெளியில் ஒன்றுக்கு இருக்கும்போது கிப்லாவுக்கு, அதாவது நாம் தொழுகிற மேற்குத் திசைக்கு, முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. நடை பழகும் வயதில் உம்மா எங்களைப் படிப்பித்தது அது. என் பிள்ளைகளை அப்படித் திருப்பி வைத்தேன், பேரப்பிள்ளைகளையும் திருப்பி வைத்தேன். கை தானாகவே செய்யும். இந்த நாய் குந்துவதோ மேற்குப் பக்கம் பார்த்து. நான் கயிற்றைச் சுண்டித் தெற்கே திருப்புவேன். அவன் திடுக்கிட்டு எழும்பிச் சுற்றி வந்து மறுபடி மேற்கே பார்ப்பான். சில நேரம் கிழக்கே பார்ப்பான், அதற்கும் சுண்டுவேன். ஒவ்வொரு நாள் காலையிலும், வரப் போகிற நேரத்தில், அவன் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது நான்தான். ஆட்டோவும் பாண் வண்டியும் பாவம்.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு. சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். கட்டில் பக்கத்தில் யாரோ என்ன என்ன என்று கேட்பதும் கேட்டது.

“ஐயோ டீச்சர், இது கச்சான் காலமெல்லோ, மேக்கால காத்து. அவன் காத்து வாற பக்கம் பாத்துத்தான் இருப்பான். கயித்த விடுங்க. அவனுக்குத் தொழுகையும் இல்ல, திசையும் இல்ல.”

அவர் சிரித்துக் கேட்டு எத்தனை காலம். எனக்கு வெட்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. இனி இந்த நாயை எவன் சாக்கில் போடுகிறான் பார்ப்போம் என்று அபாயாவை எடுத்து மாட்டினேன்.

அசறு முடிந்தது. இதுவரை ஆள் காணாத நேரம் பார்த்துப் பதுங்கிப் போனவள், அன்றைக்கு நல்ல வெளிச்சத்தில் ஒழுங்கை நடுவால் நடந்தேன். கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேன். பயமாக இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பயந்த கையைத் தம்பி கயிற்றிலேயே கண்டுபிடித்துவிடுவான் என்பதால், மனதுக்குள் பதின்மூன்றாம் வாய்பாட்டைச் சொல்லிக்கொண்டு போனேன். பின்னால் ஹாஜியார், சபையின் இரண்டு பேர், அவருடைய மருமகன். மருமகன் கையில் வெறும் உரச்சாக்கு ஒன்று மடித்தபடி. அதைக் கண்டதும் எனக்கு இரத்தம் கொதித்தது. வாய்பாடு தவறிவிட்டது.

அத்திவாரத்தடிக்கு வந்தோம். கச்சான் காற்று நிலத்துப் பக்கமிருந்து மணலை வாரி அடித்தது. தம்பி மணந்தான், சுற்றினான், மேற்கே திரும்பி மூக்கைத் தூக்கினான். என் விரல் துடித்தது. பொறு என்று விரலுக்குச் சொன்னேன். குந்தினான்.

பிறகு தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்தான். நாலு ஆண்கள் வரிசையாக, கையைக் கட்டிக்கொண்டு, கண் வெட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தம்பியின் பின்னங்கால் நடுங்கியது. அரைவாசி எழும்பிவிட்டான். மருமகன் சாக்கை விரித்தான்.

“ஹாஜியார், அந்தப் பக்கம் திரும்புங்க,” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை.

“இப்பிடி நாலு பேர் பாத்துக்கொண்டு நிண்டா உங்களுக்கு வருமா? திரும்புங்க. எல்லாரும்.”

வகுப்பில் கடைசி வாங்குக்குப் பேசுகிற குரல் அது. பல வருடமாகப் பாவிக்காதது, பழுதாகாமல் இருந்தது. ஹாஜியார் மெதுவாகக் கடல் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதும் சபை திரும்பியது. மருமகனும் சாக்கோடு திரும்பினான். நானும் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் என்ன விதிவிலக்கு?

காற்றும் அலையும்தான் கேட்டன. கயிறு என் கையில் தொய்ந்து கிடந்தது. பிறகு மணலில் அந்தச் சத்தம் தொடங்கியது. ஒரு நாளைக்கும் மேல் அடக்கி வைத்தது, இலேசில் நிற்குமா? நீண்டு, நீண்டு, நின்றது போல் நின்று மறுபடி தொடங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். ஹாஜியாரின் முதுகு அசைந்தது, ஆனால் அவர் திரும்பவில்லை.

தம்பி எழும்பி, பின்னங்காலால் மணலை இரண்டு தரம் வாரி எறிந்து, உடம்பை உதறினான். வேலை முடிந்துவிட்டது. நான் அவர்களிடம் சொல்லவில்லை. நாலு பேரும் நல்ல பிள்ளைகளாகக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், நிற்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுவிட்டேன்.