இறுக்கு, இறக்கு

நாங்கள் மரம் ஏறுவதற்குக் காரணம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஊருக்குப் பிடிபடாததும் அதுதான். உரும்பிராயிலிருந்து நீர்வேலிக்குப் போகும் வழியில், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு பெரிய இலுப்பை நின்றது. சனிக்கிழமைகளில் ரியூசன் முடிந்த கையோடு நாலு பேர் அதனடியில் கூடுவோம். ஒருநாள் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்தார்.

"தம்பியவை, பனையிலை ஏறினாலும் ஒரு முட்டி கள்ளு வரும். இலுப்பையிலை என்ன கிடக்கு?"

"காத்து, அண்ணை," என்றேன்.

கயிறு, வடமராட்சிக் கரையிலிருந்து வந்து எங்களோடு படித்தவனுடையது. தகப்பனின் வள்ளத்து நைலோன் கயிறு. தங்கூசியில், அதுதான் மெல்லிய தூண்டில் நரம்பில், கல்லைக் கட்டி உயரத்துக் கவட்டுக்கு மேலால் எறிவோம். கல் மறுபக்கம் விழுந்ததும் தங்கூசியின் மற்ற நுனியில் கயிற்றை முடிந்து இழுப்போம். கயிற்றின் ஒரு தலைப்பு ஏறுகிறவனின் இடுப்பிலும் தொடையிலும். மறுதலைப்பு பக்கத்துப் பனையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே நிற்பவனின் கையில்.

கட்டளை இரண்டே இரண்டு. 'இறுக்கு' என்றால் தொய்வை இழுத்துப் பிடி. 'இறக்கு' என்றால் கயிற்றை விட்டுக்கொடு. இரண்டும் நான் வைத்த சொற்கள். கச்சிதமாய் அமைந்துவிட்டன என்று எனக்குப் பெருமை வேறு.

அன்று கயிற்றுக்காரன் ஏறினான். கயிறு என் கையில். "உவன் சொல்லி முடிக்க முன்னமே செய்துபோடுவான்," என்று என்னைக் காட்டி மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனான். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அவன் ஒரு பனை உயரம் போயிருப்பான். பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது.

மற்ற இருவரும் வாழைக்குள் பாய்ந்தார்கள். "டேய், வா, வா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எப்படிப் போவது? மரத்துச்சியில் கயிறு கட்டி நிற்கும் இளைஞனை வானத்திலிருந்து பார்ப்பவன் விளையாட்டென்றா நினைப்பான்? இயக்கத்துக்குக் காவல் நிற்கிறான் என்றுதான் நினைப்பான்.

மேலே அவனும் அதையே யோசித்திருக்கிறான். அவன் நின்ற கிளையில் இலையில்லை. எதிர்க்கிளையில் அடர்த்தி. கையை விட்டு ஒரு எட்டு வைத்தால் அதற்குள் மறைந்துவிடலாம். கயிறு இறுகியிருந்தால் போதும். அவன் கத்தினான். ஹெலியின் இரைச்சலுக்குள் எனக்குக் கேட்டது 'இறக்கு'.

இறங்கப் போகிறான், கெதியாய் இறங்கட்டும் என்று மூன்று பாகம், மூன்று ஆள் நீளக் கயிற்றை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்தேன். அதே கணத்தில் அவன் கையை விட்டான்.

கிளைகள் முறிந்தன. கயிறு என் உள்ளங்கைகளை உரித்துக்கொண்டு ஓடியது. பனையின் சுற்று இறுகவும் நான் பிடிக்கவும் நின்றது. அவன் கீழ்க்கிளைகளுக்கிடையில், தலை ஒரு பக்கம் சரிந்தபடி தொங்கினான்.

ஹெலி தோட்டங்களுக்கு மேலால் வட்டமடித்தது. அசைந்தால் கண்டுவிடுவார்கள். நான் பனையோடு ஒட்டி நின்றேன். கயிற்றில் ரத்தம் வழிந்தது. ரத்தம் பட்ட நைலோன் வழுக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மச்சான், இருக்கிறியோ?" என்று மேலே தொங்கியபடி அவன் கேட்டான்.

"ஓம்," என்றேன்.

"விட்டிடாதை."

இரண்டாவது வட்டம். வாழையிலைகள் எல்லாம் ஒரு பக்கமாய்ப் படுத்து எழுந்தன. அவன் மெதுவாகச் சுழன்றான். முகம் எனக்குத் தெரியும், பிறகு முதுகு, பிறகு முகம். கண் மூடியிருந்தது. பிறகு சத்தம் கோப்பாய்ப் பக்கம் போய்த் தேய்ந்தது.

"இனிக் கீழை விடு. மெல்ல, மெல்ல," என்றான். என்னுடைய சொற்கள் இரண்டில் ஒன்றையும் அவன் தொடவில்லை.

சாண் சாணாக விட்டேன். கால் மண்ணில் பட்டதும் முடிச்சைக் கூட அவிழ்க்காமல் என்னிடம் வந்தான். என் விரல்கள் கயிற்றை விட மறுத்தன. ஒவ்வொன்றாக அவன்தான் பிரித்தெடுத்தான்.

"விட்டிட்டன் எண்டு நினைச்சியோ?" என்று கேட்டேன்.

"விட்டதாலைதானே விழுந்தனான்."

"நீ இறக்கு எண்டெல்லோ சொன்னனி?"

"இறுக்கு எண்டனான்." கோபமில்லாமல் சொன்னான். எனக்கு அதுதான் கூடச் சுட்டது.

அடுத்த சனிக்கிழமையும் அவனே முதலில் ஏறினான். கயிற்றின் தலைப்பை எடுத்து, என்னைத் தாண்டிப்போய், மற்ற இருவரில் ஒருவனின் கையில் கொடுத்தான்.