விளையாட்டுக்குள் ஒரு வாட்ச்மேன்

அந்த வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பட்டம் வாங்கியபின் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே, மற்ற நேரமெல்லாம் துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை விளையாடி, அதை நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் பெயர் மின்னல். பெயரில்தான் மின்னல்; பார்க்க வருகிறவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அதிலும் பாதிப் பேர் கல்லூரித் தோழிகள், கடனே என்று எட்டிப் பார்த்து ஒரு இதயத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

என்னதான் வேண்டும் உனக்கு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வாள். தெருவில் போகும்போது முன்பின் தெரியாத ஒருவர் நின்று, "நீங்கதானே மின்னல்?" என்று கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். கல்லூரியில் கேட்டவர்களிடம் "செக்யூரிட்டி துறையில இருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தாள். அது பொய்யில்லை. கோட்டு போட்ட ஒருவரை அவர்களாகவே கற்பனை செய்துகொண்டால் அதற்கு அவள் என்ன செய்வாள்? அப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

ஒரு மாலை, நேரலை நடுவே கூரியர்காரர் வந்து அவள் கையெழுத்துதான் வேண்டும் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் தலையில் மைக் வைத்த ஹெட்போனை மாட்டினாள்; அதில் பேசினால் கேமில் எதிரே வருகிறவர்களுக்கும் கேட்கும். "இது நடக்குறதுக்கு, இது திரும்புறதுக்கு. சும்மா நில்லுங்கப்பா, இதோ வந்துட்டேன்."

சும்மா நிற்க அவருக்கு எங்கே தெரியும்? கேமுக்குள் பாழடைந்த ஒரு தொழிற்சாலை இருந்தது. அதன் இரும்புக் கேட் திறந்து கிடந்தது. தட்டுத்தடுமாறி நடந்துபோய் அதன் முன்னால் நின்றுகொண்டார். எங்கிருந்தோ ஒருவன் துப்பாக்கியோடு ஓடிவந்தான்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க. யாரைப் பார்க்கணும்?"

அவன் உண்மையிலேயே நின்றுவிட்டான். "இல்ல... உள்ள போகணும்."

"உள்ள யாரும் இருக்குற மாதிரி தெரியலையேப்பா. பேரச் சொல்லுங்க, கேட்டுட்டு விடுறேன்."

அவன் சுட்டுத் தள்ளிவிட்டு உள்ளே போனான். அதற்குள் திரும்பி வந்திருந்த மகளைப் பார்த்து அப்பா முறையிட்டார். "பாரும்மா, பேர்கூடச் சொல்லாம என்னைக் கீழ சாய்ச்சிட்டுப் போறான்!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மைக் அதையும் விடாமல் எடுத்துக்கொண்டது.

மறுநாள் விடிவதற்குள் அந்தத் துண்டு வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. 'வாட்ச்மேனைக் கூப்பிடு' என்று புதியவர்கள் வந்து குவிந்தார்கள். கூப்பிட்டாள். தினமும் கூப்பிட்டாள்.

"நம்மளப் பார்க்கவா இத்தனை பேரு?" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு உக்காருங்கப்பா. கேமராவுல எடுப்பா இருக்கும்." இதுவும் அவள் சொன்னதுதான்.

கேமுக்குள் அந்தக் கேட் முன்னால் வரிசை கட்டினார்கள். ஒருவன் "பார்சல் வந்திருக்கு" என்பான், இன்னொருவன் "உங்க மாமனாரைப் பார்க்கணும்" என்பான். அவரும் அலுக்காமல் பதில் சொல்வார். பிறகு சுடுவார்கள். "என் கையிலயும் ஒண்ணு இருக்கே, இத எப்படிம்மா அழுத்துறது?" என்று ஒருநாள் கேட்டார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா? நீங்க கேள்வி கேட்டாப் போதும்" என்றாள். அவர் திருப்பிச் சுட்டால் யாருக்கும் சிரிப்பு வராது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மளிகைக் கடையில் ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்தாள். "அக்கா, நீங்க அந்த வாட்ச்மேன் பொண்ணுதானே?" பல்லைக் காட்டிச் சிரித்து, செல்ஃபிக்கு நின்றாள். வீடு வரும்வரை முகம் எரிந்தது. இத்தனை வருஷம் அப்பாவின் வேலையை மறைத்ததற்கா, அதையே கடைபரப்பி விற்றதற்கா? பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் மவுஸ் விற்கும் கம்பெனி ஒன்று, வாட்ச்மேனை வைத்து ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்யலாம் என்று எழுதியிருந்தது. நேரில் சொன்னால் மகிழ்வார் என்று அவர் வேலை செய்யும் இடத்துக்கே போனாள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் கேட்டில் நின்றிருந்தார்கள். "யாரைப் பார்க்கணும்?" என்று அப்பா கேட்க, அவர்கள் விரலை நீட்டி "டுமீல்!" என்றார்கள். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். சரி, பிள்ளைகள். அதற்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. அப்பாவைவிட வயதில் சிறியவர், கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி, "வாட்ச்மேன், எனக்கு ஒரு தடவ செய்யேன், வீட்டுல காட்டணும்" என்றார்.

அப்பா செய்தார். சுவரில் சாய்ந்து சரிந்ததில் தொப்பி கழன்று உருண்டது. அதை எடுக்காமல் முதலில் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவள் உள்ளே போகவில்லை.

அன்று மாலை அவர் குளித்து, அதே யூனிஃபார்ம் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன் வந்து உட்கார்ந்தார். "என்னம்மா, ஆரம்பிக்கலையா? ஆளுங்க காத்திருப்பாங்களே."

"இனிமே வேணாம்பா."

"ஏம்மா? நான் எதுவும் தப்பா ஆடிட்டேனா?"

எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்துப் பார்த்தாள், முடியவில்லை. "அவங்க உங்களப் பார்த்துச் சிரிக்கிறாங்கப்பா."

அப்பா ஹெட்போன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "தெரியும்மா. மூணாவது மாடிப் பையன் அந்த வீடியோவ அப்பவே போட்டுக் காட்டிட்டான். ஊர்ல யார் சிரிச்சா என்ன? கேட்டுல நிக்கிறவன் பார்க்காத சிரிப்பா? அதுல உன் சிரிப்புச் சத்தமும் கேட்டுச்சு. அதுதான் கொஞ்சம்..."

"தெரிஞ்சும் ஏம்பா தினமும் உக்காந்தீங்க?"

"பழகிட்டு ஒழுங்கா ஆடினா, நீ சிரிக்க மாட்டேன்னு நினைச்சேன்."

அவர் விரலில் சுற்றியிருந்த ஒயரைப் பிரித்து ஹெட்போனை வாங்கி வைத்தாள். "சாரிப்பா" என்றாள். "விடும்மா" என்று எழுந்து சட்டை மாற்றப் போனார். தன் சேனலில் இருந்த அப்பாவின் வீடியோக்களையெல்லாம் அன்றே அழித்தாள். கம்பெனிக்கும் முடியாது என்று எழுதிவிட்டாள். ஆனால் எடுத்து வைத்துக்கொண்டவர்களிடமிருந்து எதை அழிப்பது?

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நேர்முகத் தேர்வுக்குத் துணையாக அப்பா லீவு போட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் கூட்டம். பின்னால் யாருடைய போனோ அடித்தது. மணி இல்லை, பாட்டு இல்லை. ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம். அவள் சிரிப்பை அந்த வீடியோவிலிருந்து யாரோ வெட்டி ரிங்டோனாக வைத்திருந்தார்கள். போன்காரர் பையில் துழாவிக்கொண்டிருந்தார், அது சிரித்துக்கொண்டே இருந்தது. "நல்லாருக்கே, எங்க பிடிச்ச?" என்று யாரோ கேட்டார்கள்.

அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும், எதுவும் கேட்காதவர்போல, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.