மலைப்பாதையில் உட்கார்ந்திருந்தவர்கள்

பர்மாவிலிருந்து கால்நடையாக வந்தவள் நான் என்றால் எங்கள் சேக்காட்டில் யாரும் நம்புவதில்லை. பக்கத்திலிருக்கும் ஆவடி ஸ்டேஷனுக்குப் போகவே ரிக்‌ஷா தேடுகிறவளாயிற்றே! நம்பாவிட்டால் போகட்டும்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் நைனா எங்களைக் கிளப்பினார். நைனா, அம்மா, நைனாவின் தங்கையான அத்தை, கைக்குழந்தையாய்த் தம்பி, அப்புறம் ஏழு வயது நான். காட்டையும் மலையையும் தாண்டினால் இந்தியா, பிறகு ரயிலேறி ஊர் போய்விடலாம் என்றார். ரங்கூனில் பிறந்த எனக்குச் சேக்காட்டைப் பார்க்கப்போகிறோம் என்று ஒரே குஷி.

கடைசி மலையில் பனி மூடிக் கிடந்தது. பாதையோரம் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். மரத்தில் சாய்ந்தபடி ஒருவர். மடியில் மூட்டையோடு ஒருத்தி. விரித்த குடைக்குக் கீழே ஒரு புருஷனும் பெண்சாதியும். யாரும் பேசவில்லை, இருமவில்லை. முகத்தில் ஈ மொய்த்தும் ஒரு கை அசையவில்லை. குடைக்காரி மட்டும் என்னையே பார்ப்பதுபோலிருந்தது. பெரியவர்களிடம் சொல்லிக்கொள்ளாமல் நகர்ந்தால் அம்மா தொடையைக் கிள்ளுவாள். அதனால், "போய்ட்டு வரேன்" என்றேன். அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

"ஒன்னியும் சொல்லாத! சும்மா வா!"

சாவு விழுந்த இடத்திலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் எங்கள் ஜனங்களின் வழக்கம். அது எனக்கு அப்போது தெரியாது.

எல்லையின் மூங்கில் தடுப்பு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாளிலிருந்தே அவளுக்கு வாந்தியும் பேதியும். காலரா கண்டவர்களைச் சிப்பாய்கள் விடமாட்டார்கள். தூக்கிக்கொண்டு போனால் தூக்கியவர்களையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். தாண்டியவர்கள் திரும்பி வரவும் முடியாது.

"நீ குந்திகினு இரு. அந்தாண்ட போய் ஆளக் கூட்டிகினு வரேன்" என்றார் நைனா, அவள் முகத்தைப் பார்க்காமலே. அம்மா தண்ணீர்ப் புட்டியை அத்தையின் மடியில் வைத்தாள். பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"அண்ணி! சொல்லிகினு போ அண்ணி!"

அம்மா திரும்பவில்லை. சோற்றுக்காக இரண்டு பேருக்கும் சண்டை நடந்திருந்தது, அந்தக் கோபம்தான் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ அண்ணி!"

எனக்குப் பொறுக்கவில்லை. கையை உதறிக்கொண்டு, "போய்ட்டு வரேன் அத்தே!" என்று கத்தினேன்.

அத்தை சிரித்தாள். "வா கண்ணு, வா" என்று கையை ஆட்டினாள். பனி மறைக்கும்வரை ஆட்டிக்கொண்டேயிருந்தாள். இந்த முறை அம்மா என் வாயைப் பொத்தவில்லை.

அத்தை சேக்காட்டில் வளர்ந்தவள். சொல்லாமல் கிளம்பினால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. தடுப்பைத் தாண்டும்போது நைனா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். இருந்த தண்ணீரையெல்லாம் அத்தைக்கே கொடுத்துவிட்டார்களே, எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லையே என்று.