உழுந்துக் கோது

போன பங்குனியில் ஒருநாள் மகனின் காருக்குள் குளிர் வராமற் போயிற்று. காற்று வந்தது, ஆனால் அடுப்படியிலிருந்து வருவது போன்ற காற்று. கிளிநொச்சியில் ஒரு கராஜில் நிறுத்தினோம். அங்கிருந்த பெடியன் விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தான். கருவியைப் பூட்டி, காஸ் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு காரின் முன்னால் குந்தியிருந்து கைபேசி வெளிச்சத்தை உள்ளே பிடித்தவன் சிரிக்கத் தொடங்கினான்.

"உழுந்துக்கு மேலாலை ஓடினனீங்களோ ஐயா? உள்ளுக்கை ஒரு மூடை கிடக்கு. சூடு வெளியாலை போக வழியில்லாட்டிக் குளிர் எங்காலை வாறது?"

குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினான். கறுத்த கோது கட்டிகட்டியாக விழுந்தது. எங்கிருந்தோ கோழிகள் ஓடி வந்து அதைக் கொத்தின. ஈர நிலம், கோது, கோழிகள். இதே காட்சியைச் சிறுவயதில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அன்று அதைக் கோழிகளின் அதிர்ஷ்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டு உடுப்பு மாற்றப் போய்விட்டேன்.

முரசுமோட்டையில் எங்கள் வீட்டில் அம்மாவின் தம்பியும் இருந்தார். குளத்து வேலைக்கு வந்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர் திரும்பிப் போகும்போது தன் காரை விற்க, மாமா வயலில் உழைத்ததையெல்லாம் கொட்டி அதை வாங்கினார். அதற்குள் குளிர் வரும். ஊரில் அதன் பெயரே குளிர்க்கார். முதல் நாள் என்னை ஏற்றிக் கண்ணாடிகளை மூடியபோது, வெளியே வெயிலில் மாடுகள் நாக்குத் தள்ளி நிற்க, எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது. வயலும் வாய்க்காலும் சத்தமில்லாமல் மிதந்து போயின. அந்தக் காருக்குள் மட்டும் எப்போதும் மார்கழி இருப்பதாகவும் நாங்கள் அதற்குள் போய் வருவதாகவும் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு அந்தக் குளிர் விளையாட்டல்ல. யாழ்ப்பாணத்துப் பக்கம் கோயில் திருவிழாவொன்றில் கண்ட பெண்ணை அவருக்குக் கேட்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. பெண்ணுக்கும் சம்மதம். தாய்தான் மறுத்தார். வன்னி என்றால் காடு, நுளம்பு, காய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக வெக்கை. அதற்குள் பிள்ளையை அனுப்பேலாது என்று சொல்லிவிட்டார். வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மாமா ஆள் அனுப்பினார். ரயில் ஸ்டேசனிலிருந்து வீடுவரை அந்த அம்மாவுக்கு ஒரு துளி வியர்க்கக்கூடாது என்பதே அவருடைய திட்டம். பெண்ணின் படத்தை, கார் ஓட்டும்போது தெரியக்கூடிய இடத்தில் செருகி வைத்திருந்தார்.

அது உழுந்துக் காலம். பிடுங்கிக் காயவைத்த செடிகளை வீதியில் பரப்பிவிடுவோம். போகிற வாகனங்களின் சில்லு ஏறி நெற்று வெடித்து உழுந்து உதிரும். வாகனம் வராவிட்டால் தடியால் அடிக்கவேண்டும். அந்தத் தடி என் பொறுப்பு. அப்போது எங்கள் வீதியில் வாகனம் வருவது கோடையில் மழை வருவது போல. அதனால் நான் மாமாவைக் கெஞ்சினேன். அவர் முதலில் முறைத்தார், பிறகு இரங்கினார். பொழுதுபட்ட பின்னேரங்களில் குளிர்க்கார் எங்கள் உழுந்தின்மேல் முன்னும் பின்னும் ஓடியது. கோது தும்பியைப் போலப் பறந்தது. மருமகனுக்காக உழுந்து அடிக்கிற துரை கார் என்று அப்பா சிரித்தார்.

பெண் வீட்டார் வருவதற்கு முதல்நாள் குளிர் நின்றுவிட்டது. மாமா எஞ்சின் பட்டியைப் பார்த்தார், இறுக்கமாகத்தான் இருந்தது. காஸ் ஒழுகினால் குமிழி வரும் என்று சவர்க்கார நுரையைக் குழாய் மூட்டுகளில் பூசினார். நுரை அடித்துக் கொடுத்தவன் நான். ஒரு குமிழியும் வரவில்லை. மறுநாள் காலை வெள்ளை வேட்டி கட்டி, ஸ்டேசனுக்குப் போகப் புறப்பட்டவர், ஏதோ நினைவு வந்தவராக நின்றார்.

"மருமோனே, எனக்கு வேட்டி ஊத்தையாப் போகும். நீ ஒருக்காக் குனிஞ்சு முன்னுக்குக் கீழாலை பார். ஏதும் அடைச்சுக்கொண்டு நிக்குதோ?"

குனிந்து பார்த்தேன். தூக்கணாங்குருவி கூடு கட்டியது போல, உள்ளே இருந்த தகட்டை மூடி உழுந்துக் கோது அப்பியிருந்தது. நன்றாகப் பார்த்தேன். வளவுக்குள் இன்னும் ஒரு போர் உழுந்துச் செடி அடிக்கக் கிடந்தது. இதைச் சொன்னால் மாமா இனி உழுந்தின்மேல் கார் ஏற்றமாட்டார் என்பது ஒன்றே என் தலைக்குள் ஓடியது. குளிருக்கும் அந்தக் கோதுக்கும் தொடர்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் பொய் பொய்தான்.

"ஒண்டுமில்லை மாமா."

ஸ்டேசனிலிருந்து திரும்பும்போது காரின் கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்தனவாம். இந்தா வரும், இந்தா வரும் என்று மாமா சொல்லிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். பரந்தன் தாண்டிய பிறகு அந்த அம்மா ஒரேயொரு வசனம் பேசினாராம்: "தம்பி, கண்ணாடியை இறக்குங்கோ, எனக்குத் தலை சுத்துது." எங்கள் முற்றத்தில் இறங்கியபோது அவருடைய பட்டுச்சேலை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா கொடுத்த தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்தார். குசினியைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. சில நாள் கழித்து, முன்பு பொருந்திய சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாமா பிறகு கல்யாணம் செய்யவேயில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்து என்னைப் படிப்பித்தார். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில், உடையார்கட்டுப் பக்கம் தறப்பாள் கூடாரத்துக்குள் அவர் வெக்கையில் கிடந்தபோது ஓர் அட்டைத் துண்டால் நான்தான் விசிறினேன். அப்போதும் அந்தப் பொய்யை ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

கராஜில் அந்தக் கோழிகளைக் கண்டபோதுதான் மற்றது நினைவுக்கு வந்தது.

சம்பந்தம் குழம்பியபின் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். முற்றத்தில் காரின் முன்னால் நிலம் ஈரமாக இருந்தது. கறுத்த கோது சிதறிக் கிடக்கக் கோழிகள் கொத்திக்கொண்டு நின்றன. நான் உடுப்பு மாற்றி வந்ததும் மாமா கதவைத் திறந்து, ஏறச் சொன்னார். கண்ணாடிகளை மூடினார். குளிர் வந்தது, முதல் நாளைப் போலவே. படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

நேரே ஆனையிறவுக்கு ஓட்டினார். உப்பளத்தின் ஓரமாகக் காரை நிறுத்தினார், எஞ்சினை நிறுத்தவில்லை. இருபுறமும் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்திருந்தது. சத்தமில்லாத அந்தக் குளிருக்குள் இருந்து பார்க்க, பாடப்புத்தகத்திற் கண்ட பனிநாட்டுக்கு வந்துவிட்டது போல இருந்தது.

"குளிருதோ மருமோனே?"

"ஓம் மாமா. கை விறைக்குது."

அவர் என் பக்கம் திரும்பி என்னையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கோபமில்லை. என் வாயிலிருந்து ஏதோ வரவேண்டும் என்பது போன்ற பார்வை. எனக்கும் ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது.

உப்பு எவ்வளவு வெள்ளை என்று சொன்னேன்.

மாமா தலையை ஆட்டிவிட்டுக் காரைத் திருப்பினார்.